ஏரியின் நிறமும் புற ஊதாக் கதிரும்: நுண்பாசிகள் வெயிலைத் தாங்கும் விதம்

ஏரி நீரில் மிதந்து வாழும் நுண்பாசிகளுக்கு வெயிலே உணவு. தீங்கும் அந்த வெயிலிலிருந்தே வருகிறது. பச்சையத்தால் ஒளியைப் பிடித்து, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் இந்த உயிர்கள், ஒளி எட்டும் மேல்நீரை விட்டு நெடுநாள் விலகியிருக்க முடியாது. அதே மேல்நீரில்தான் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரும் இறங்குகிறது. அது டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது; ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களை உடைக்கிறது; கசையிழையால் நீந்தும் பாசிகளின் திசையறிவைக் குலைக்கிறது. டயட்டம், பசும்பாசி, நீலப்பசும்பாசி, டைனோஃபிளாஜெல்லேட் எனப் பல இனங்கள் சேர்ந்த இந்த நுண்பாசிக் கூட்டமே, ஏரியின் சிறு விலங்குகள் முதல் மீன் வரையிலான உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி.

இந்தப் பாதிப்பைக் கணக்கிட, வானிலிருந்து விழும் கதிரின் அளவை மட்டும் அறிந்தால் போதாது. விழுந்த கதிரில் எவ்வளவை நீர் விழுங்குகிறது என்பதும், செல் தன் பழுதை எவ்வளவு விரைவில் சரிசெய்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். ஒரே வெயிலின் கீழ் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு ஏரிகளில், ஒன்றில் பாசி பத்து மீட்டர் ஆழத்திலும் கதிரின் தாக்குதலுக்கு ஆளாவதும், மற்றொன்றில் அரை மீட்டருக்குக் கீழே பத்திரமாக இருப்பதும் இதனால்தான்.

மேற்பரப்பை எட்டும் கதிர்

ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் உண்டு என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் 1801இல் கண்டறிந்தார். வெள்ளி உப்பை அது விரைவாகக் கறுக்க வைத்ததே அவருக்குக் கிடைத்த சான்று. இன்று இக்கதிர் அலைநீளத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. 100 முதல் 280 நானோமீட்டர் வரையுள்ளது புற ஊதா-சி. 280 முதல் 315 வரை புற ஊதா-பி. 315 முதல் 400 வரை புற ஊதா-ஏ. நீரியல் ஆய்வாளர்களில் பலர் பி-க்கும் ஏ-க்கும் இடைப்பட்ட எல்லையை 320 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது.

புற ஊதா-சி முழுவதையும் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. புற ஊதா-பி-யின் பெரும்பகுதியை ஓசோன் படலம் உறிஞ்சுகிறது. புற ஊதா-ஏ ஏறத்தாழத் தடையின்றி வந்து சேர்கிறது. தரையை எட்டும் சூரிய ஆற்றலில் புற ஊதா-பி-யின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகள் ஒவ்வொன்றின் ஆற்றலும் கூடுவதால், இந்தச் சிறு பங்கே பெருஞ்சேதம் செய்ய வல்லது.

கதிரின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது. வெப்பமண்டலத்தில் சூரியன் தலைக்கு மேல் நிற்கிறது. ஓசோன் படலமும் அங்கே இயல்பாகவே மெல்லியது. உயரம் கூடக் கூடக் கதிர் கடக்க வேண்டிய காற்று குறைகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் அதிகரிக்கிறது. சுற்றிலும் புதுப்பனி கிடந்தால், அதன்மேல் விழும் கதிரின் பெரும்பகுதி எதிரொளித்துத் திரும்புகிறது. வெப்பமண்டலமும் உயரமும் சேர்ந்த இடத்துக்கு எடுத்துக்காட்டு, பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,810 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரி. பூமியின் பெரிய ஏரிகளில் மிகக் கடுமையான புற ஊதாக் கதிரைப் பெறுபவற்றுள் இதுவும் ஒன்று.

நீர் விழுங்கும் கதிர்

தூய நீர் புற ஊதாக் கதிரை அதிகம் தடுப்பதில்லை. தடுப்பது நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள். காட்டு மண்ணிலும் சதுப்பிலும் இலைதழைகள் மட்கும்போது உண்டாகும் ஹியூமிக் அமிலம் போன்ற சேர்மங்கள் மழைநீரோடு ஏரிக்கு வருகின்றன. லிக்னின் சிதைவில் பிறந்த வளைய மூலக்கூறுகள் இவற்றில் நிறைந்திருப்பதால், நீருக்குத் தேநீர் நிறம் ஏறுகிறது. அலைநீளம் குறையக் குறைய இவற்றின் உறிஞ்சும் திறன் செங்குத்தாக உயர்கிறது. எனவே புற ஊதா-பி முதலில் மறைகிறது. அடுத்து புற ஊதா-ஏ. அதன் பின்னரே நீல ஒளி. பாசிக்கு வேண்டிய ஒளியைப் பெருமளவு விட்டுவைத்து, வேண்டாத கதிரை முதலில் வடிகட்டும் குடை இது.

நீருக்குள் கதிர் குறைவதற்கு ஒரு சீரான விதி உண்டு. ஒவ்வொரு மீட்டரிலும் எஞ்சியிருப்பதில் ஒரே விகிதம் கழிகிறது. அந்த விகிதத்தைக் கொண்டு, மேற்பரப்பில் விழுந்ததில் ஒரு சதவீதம் மட்டுமே எஞ்சும் ஆழத்தைக் கணக்கிட்டு ஏரிகளை ஒப்பிடுகிறார்கள். ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் கரைந்த கரிமம் இருந்தால், 320 நானோமீட்டர் கதிரின் ஒரு சதவீத ஆழம் ஏறத்தாழ 2 மீட்டர். கரிமம் 10 மில்லிகிராமானால் அது இருபது சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்குகிறது. 0.3 மில்லிகிராம் மட்டுமே உள்ள தெளிந்த மலை ஏரியில் எட்டு மீட்டரையும் தாண்டுகிறது. கரிமத்தின் அளவு பாதியானால் கதிர் இறங்கும் ஆழம் இரு மடங்குக்கும் சற்று அதிகமாகிறது. கலங்கலான ஏரியில் அது சில சென்டிமீட்டர் வேறுபாடு. தெளிந்த ஏரியிலோ பல மீட்டர் வேறுபாடு. தெளிந்த ஏரிகளே சிறு மாற்றத்துக்கும் எளிதில் ஆட்படுவன என்பதற்குக் காரணம் இதுதான்.

கரிமத்தோடு களிமண் துகள்களும் நுண்பாசிகளும்கூடக் கதிரைத் தடுக்கின்றன. மழையில் செம்மண் கரைந்து கலங்கிய கண்மாயிலும், பாசி படர்ந்து பச்சையாகிவிட்ட குளத்திலும் புற ஊதா-பி மேல்மட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வெப்பமண்டலச் சமவெளியில் வானத்துக் கதிர் கடுமையாக இருந்தும், நீருக்குள் அதன் ஆட்சி ஆழமில்லாமல் போவது இவ்வாறே.

இதற்கு நேர் எதிரானவை மரம் வளரும் எல்லைக்கு மேலே உள்ள மலை ஏரிகள். சுற்றிலும் பாறையும் புல்லும் மட்டுமே இருப்பதால் அங்கே மட்கு குறைவு. நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 2,417 மீட்டர் உயரத்தில் உள்ள கோசென்கோலஸே என்ற சிறு ஏரி, இவ்வகை ஆய்வுகளில் மிகுதியாக அளவிடப்பட்டவற்றுள் ஒன்று. அதன் பெரும ஆழமே ஏறத்தாழ 10 மீட்டர்தான். பனிக்கட்டி உருகிய கோடையில் புற ஊதா-பி-யின் ஒரு பங்கு அடித்தளம் வரை சென்று சேர்கிறது. அங்குள்ள பாசிக்கு ஒளிந்துகொள்ள இருண்ட ஆழம் என்று ஒன்று கிடையாது.

செல்லுக்குள் நிகழும் சேதம்

முதல் இலக்கு டி.என்.ஏ. அதன் இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் புற ஊதா-பி-யை உறிஞ்சியதும் ஒன்றோடொன்று பிணைந்து இரட்டையாகிவிடுகின்றன. தைமினும் சைட்டோசினும் இவ்வாறு பிணைவதுண்டு. மரபுச் செய்தியைப் படித்துச் செல்லும் நொதி இந்த முடிச்சில் முட்டி நின்றுவிடுகிறது. படியெடுப்பு தடைபடுகிறது, செல் பிரிவது தள்ளிப்போகிறது, தவறாகப் படியெடுத்தால் மரபுப்பிறழ்வு உண்டாகிறது. பிரியாமல் நின்ற செல் தொடர்ந்து பருப்பதால், கதிருக்கு ஆளான பாசிகள் சில வேளைகளில் இயல்பைவிடப் பெரிதாகக் காணப்படுகின்றன.

இரண்டாம் இலக்கு ஒளிச்சேர்க்கை அமைப்பு. நீர் மூலக்கூறைப் பிளந்து மின்னணுவை எடுக்கும் இரண்டாம் ஒளித்தொகுதியின் நடுவே டி-1 என்ற புரதம் உள்ளது. வலுவான ஒளியில் இது இயல்பாகவே ஓயாமல் உடைந்து, ஓயாமல் புதிதாக்கப்படுகிறது. புற ஊதாக் கதிர் உடையும் வேகத்தைக் கூட்டுகிறது. புதிதாக்கும் வேகம் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் ஒளிச்சேர்க்கை குறைகிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியும் பாதிக்கப்படுகிறது. தெளிந்த ஏரிகளில் நண்பகல் வேளையில் ஒளிச்சேர்க்கை உச்சம் பெறுவது மேற்பரப்பில் அன்று, சில மீட்டர் கீழே.

இந்த இரண்டாம் வகைச் சேதத்தில் புற ஊதா-ஏ-யின் பங்கு பெரிது. ஒவ்வொரு ஒளித்துகளும் செய்யும் கேட்டைக் கணக்கிட்டால் புற ஊதா-பி-யே கொடியது. ஆனால் புற ஊதா-ஏ எண்ணிக்கையில் பன்மடங்கு. நீருக்குள் ஆழமாகவும் செல்கிறது. ஏரி நீரின் மொத்த ஒளிச்சேர்க்கை இழப்பைக் கூட்டிப் பார்த்தால் பல இடங்களில் புற ஊதா-ஏ-யால் நேர்வதே மிகுதி. ஓசோன் படலத்தின் தேய்மானம் புற ஊதா-பி-யை மட்டுமே மாற்றுவதால், இந்த வேறுபாடு கணக்கில் முக்கியமானது.

மூன்றாவது, மறைமுகச் சேதம். கதிர்பட்ட மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலான வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்களை உருவாக்குகின்றன. இவை செல்சவ்வின் கொழுப்பு அமிலங்களையும் புரதங்களையும் அரிக்கின்றன. நீரில் கரைந்த கரிமமும் வெயிலில் பெராக்சைடை உண்டாக்குகிறது. பகலில் அதன் அளவு ஏறி, இரவில் இறங்குகிறது. கதிரைத் தடுக்கும் அதே குடை சிறிதளவு நஞ்சையும் சொட்டுகிறது.

நைட்ரஜனை நிலைநிறுத்தும் நீலப்பசும்பாசிகளுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றும் நைட்ரோஜினேஸ் நொதியின் செயல் புற ஊதா-பி-யால் தளர்கிறது. அனபீனா, நாஸ்டாக் போன்ற இனங்கள் இந்திய நெல்வயல் நீரிலும் வாழ்பவை. அவற்றின் மீது காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலமாக நடந்துவரும் ஆய்வுகள், இந்தத் தளர்ச்சியையும் அவ்வுயிர்களின் தற்காப்பையும் ஒருங்கே விளக்கியுள்ளன.

தப்பித்தல், தடுத்தல், பழுதுபார்த்தல்

நீலப்பசும்பாசிகளின் மூதாதையர் தோன்றிய காலத்தில் பூமிக்கு ஓசோன் படலமே இல்லை. அவை வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஓசோன் அதன் பிறகே உருவானது. ஆகவே புற ஊதாக் கதிருக்கு எதிரான தற்காப்பு பாசிகளுக்குப் புதிதன்று.

முதல் வழி விலகிச் செல்வது. கசையிழை உள்ள பாசிகள் நண்பகலில் கீழே நீந்திச் சென்று, ஒளி தணிந்ததும் மேலே வருகின்றன. மலை ஏரிகளில் பாசியின் அடர்த்தி மேற்பரப்பில் குறைந்து ஆழத்தில் கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீந்தும் திறனையே கதிர் கெடுத்துவிடவும் கூடும். யூக்ளினாவின் மீது ஜெர்மானிய ஆய்வாளர் டொனாட் ஹேடர் நடத்திய ஆய்வுகள், புற ஊதா-பி பட்ட செல்கள் திசையறிந்து நீந்தும் ஆற்றலை இழப்பதைக் காட்டின. கசையிழையற்ற டயட்டம்களோ காற்றும் அலையும் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டியவை.

இரண்டாம் வழி, கதிரைத் தடுக்கும் பொருளைச் செல்லுக்குள் சேமிப்பது. மைகோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள் என்று அழைக்கப்படும் நிறமற்ற சிறு மூலக்கூறுகள் 309 முதல் 362 நானோமீட்டர் வரையிலான கதிரை உறிஞ்சி, தீங்கில்லாத வெப்பமாக வெளிவிடுகின்றன. பல பாசி இனங்கள் இவற்றைத் தாமே செய்துகொள்கின்றன. வெயில் கூடினால் செய்யும் அளவையும் கூட்டுகின்றன. நீலப்பசும்பாசிகள் சிலவற்றுக்கு மட்டும் உரிய இன்னொரு பொருள் சைட்டோனெமின். இது மஞ்சள் கலந்த பழுப்பு நிறமி; செல்லுக்கு வெளியே உள்ள உறையில் படிந்து புற ஊதா-ஏ-யை வலுவாகத் தடுக்கிறது. அன்டார்க்டிகாவின் ஆழமற்ற குட்டைகளில் தரையை மூடிக்கிடக்கும் பாசிப் பாய்களின் மேலடுக்கு கறுத்திருப்பது இந்த நிறமியால். அந்த அடுக்கை உரித்தால் கீழே பசுமையான உயிருள்ள அடுக்கு தெரியும். செந்நிற அஸ்டாக்சாந்தின் உள்ளிட்ட கரோட்டினாய்டுகள் ஆக்சிஜன் வடிவங்களின் வீரியத்தை அடக்குகின்றன.

மூன்றாம் வழி பழுதுபார்ப்பது. டி.என்.ஏ.யில் விழுந்த முடிச்சை அவிழ்க்க ஃபோட்டோலயேஸ் என்ற நொதி உள்ளது. அது இயங்குவதற்கான ஆற்றலை நீல ஒளியிலிருந்தும் புற ஊதா-ஏ-யிலிருந்தும் பெறுகிறது. வெயிலே வெட்டிய காயத்துக்கு வெயிலே மருந்திடுகிறது. புற ஊதாக் கதிரால் நலிந்த நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மீண்டெழுவதை ஆல்பர்ட் கெல்னர் 1949இல் கண்டார். ஃபோட்டோலயேஸ் பற்றிய ஆய்வில் தொடங்கி டி.என்.ஏ. பழுதுநீக்கத்தின் வழிமுறைகளை விளக்கிய அசீஸ் சன்ஜார், 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒளி தேவைப்படாத இன்னொரு முறையும் உண்டு: கெட்ட துண்டை வெட்டியெறிந்து, அந்த இடத்தைப் புதிதாக நிரப்புவது. புற ஊதா-ஏ கேடும் செய்கிறது, பழுதும் பார்க்கிறது என்பதால், புற ஊதா-பி-யின் தனித்த அளவைவிட இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதமே பாசியின் நிலையைத் தீர்மானிக்கிறது.

தாங்கும் திறன் ஏன் மாறுகிறது

ஒரே நீரில் வாழும் இனங்களுக்குள்ளும் தாங்கும் திறன் பெரிதும் மாறுபடுகிறது. செல்லின் பருமன் ஒரு காரணம். பெரிய செல்லில் வெளிப்பகுதி உட்பகுதிக்கு நிழல் தருகிறது. தடுப்புப் பொருளும் பயன்படும் அளவுக்குத் திரள இடமிருக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள செல்லுக்குள் கதிர் கடக்கும் தூரம் மிகக் குறைவு. அதற்குள் தடுப்புப் பொருளை எவ்வளவு நிறைத்தாலும் நிழல் போதாது. இத்தகைய சிற்றுயிர்கள் தடுப்பதைக் காட்டிலும் விரைவாகப் பழுதுபார்ப்பதையும், விரைவாகப் பெருகுவதையும் நம்பியே வாழ்கின்றன.

வெப்பநிலை இரண்டாம் காரணம். சேதம் ஒளிவேதி வினை; நீர் குளிர்ந்திருந்தாலும் வெதுவெதுப்பாக இருந்தாலும் அது ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடக்கும். பழுதுபார்ப்பது நொதியின் வேலை. குளிரில் அது மந்தமாகிறது. ஆகவே அதே அளவு கதிர் குளிர்ந்த ஏரியில் அதிகக் கேடு விளைவிக்கும். மலை ஏரிகளில் பனிக்கட்டி உடையும் காலம் மிகக் கடினமானது. பனி மூடிய இருளில் மாதக்கணக்கில் இருந்து பழகிய பாசி, ஆண்டின் உச்ச வெயில் நெருங்கும் வேளையில், உறைநிலையை ஒட்டிய நீரில், திடீரெனத் திறந்தவெளிக்கு வருகிறது.

ஊட்டம் மூன்றாம் காரணம். உடைந்த புரதத்தைப் புதிதாக்க நைட்ரஜன் வேண்டும், டி.என்.ஏ.வை நிரப்பப் பாஸ்பரஸ் வேண்டும். மைகோஸ்போரின் அமிலங்களிலும் நைட்ரஜன் உள்ளது. பாஸ்பரஸ் பற்றாக்குறை நன்னீர் ஏரிகளில் பொதுவானது. தெளிந்த ஏரிகள் பெரும்பாலும் ஊட்டம் குன்றியவையே என்பதால், கதிர் மிகுந்த இடத்திலேயே பழுதுபார்க்கும் மூலப்பொருள் குறைந்திருக்கிறது.

நீரின் கலக்கமும் கணக்கில் சேர்கிறது. காற்று மேல்நீரை ஆழமாகக் கலக்கினால், ஒவ்வொரு செல்லும் சில நிமிடம் வெயிலிலும் நெடுநேரம் நிழலிலும் இருந்து தேறிக்கொள்ளும். மேல்நீர் சூடாகி மெல்லிய அடுக்காகப் பிரிந்து நின்றால், அதில் சிக்கிய செல்கள் பகல் முழுதும் கதிரில் காய வேண்டியதுதான். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பசும்பாசிகள் செல்லுக்குள் உள்ள வாயுக் குமிழ்களால் மேலே மிதந்து, அமைதியான நாள்களில் நீர்ப்பரப்பில் பச்சை ஆடையாகப் படர்கின்றன. மைகோஸ்போரின் அமிலங்களும் கரோட்டினாய்டுகளும் கைவசம் இருப்பதால்தான் மற்ற இனங்கள் ஒதுங்கும் அந்த இடம் அவற்றுக்கு வாழிடமாகிறது.

அளக்கும் முறைகள்

ஒளிச்சேர்க்கையை அளக்கக் கதிரியக்கக் கரிமம்-14ஐப் பயன்படுத்தும் முறையை டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 1952இல் வெளியிட்டார். உலகெங்கும் அது பரவியது. ஆனால் பாசியை அடைத்து வைத்த சாதாரணக் கண்ணாடிக் குப்பிகள் புற ஊதா-பி-யைத் தடுத்துவிடக்கூடியவை. இயற்கையில் மேற்பரப்பில் நிகழும் இழப்பின் ஒரு பகுதி அந்த அளவீடுகளில் பதிவாகாமலே போனது. பின்னர் கதிரை விடும் குவார்ட்ஸ் குழாய்கள் வந்தன. அவற்றின் மீது வெவ்வேறு மென்தகடுகளைச் சுற்றி, ஒன்றில் முழு ஒளியையும், ஒன்றில் புற ஊதா-பி நீங்கிய ஒளியையும், ஒன்றில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விட்டு ஒப்பிடுகிறார்கள். பாலியெஸ்டர் தகடு புற ஊதா-பி-யைத் தடுக்கும். புற ஊதா-ஏ-யில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

இம்முறைக்கும் குறையுண்டு. குப்பியில் அடைபட்ட பாசி ஒரே ஆழத்தில் தொங்குகிறது. இயற்கையில் அது மேலும் கீழும் அலைகிறது. மேலே நிறுத்தி வைத்த குப்பி இழப்பை மிகைப்படுத்தும். மேலும், ஒரே மொத்த அளவுக் கதிரைச் சிறிது நேரத்தில் கொட்டுவதும், நீண்ட நேரத்தில் பரப்பித் தருவதும் ஒன்றல்ல. மெதுவாக வரும் கதிருக்கு இடையே பழுதுபார்க்க நேரம் கிடைக்கிறது. செயற்கை விளக்குகளைக் கொண்டு ஆய்வகத்தில் நடக்கும் சோதனைகளில் புற ஊதா-பி மிகுந்தும், பழுதுபார்க்க உதவும் நீல ஒளி குறைந்தும் இருந்தால், ஏரியில் காண முடியாத பெருஞ்சேதம் அங்கே தோன்றும். ஒவ்வோர் அலைநீளமும் எவ்வளவு கேடு செய்யும் என்று தனித்தனியே எடைபோட்டு, அதை நீருக்குள் உண்மையில் நிலவும் கதிரோடு பெருக்கிக் கணக்கிடும் முறை 1990களில் வலுப்பெற்றது. ஆய்வக முடிவுகளை ஏரிக்குப் பொருத்திப் பார்க்க வழி திறந்தது அப்போதுதான்.

பாசியைத் தாண்டி

பாசிக்கு நேரும் கேடு அதை உண்பவற்றுக்கும் கடத்தப்படுகிறது. புற ஊதா-பி-க்கு ஆளான, பாஸ்பரஸ் குறைந்த பாசிகளின் செல்சுவர் தடிப்பதால், டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளின் குடலில் அவை செரிக்காமல் வெளியேறுவது சோதனைகளில் தெரியவந்தது. துடுப்புக்காலி எனப்படும் சிறு ஓட்டுடலிகள் மைகோஸ்போரின் அமிலங்களைத் தாமே செய்ய முடியாதவை. உண்ணும் பாசியிலிருந்து அவற்றைச் சேர்த்துத் தம் கவசமாக்கிக்கொள்கின்றன.

எதிர்பாராத முடிவைத் தந்த சோதனை ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது. மாக்ஸ் பாத்வெல்லும் இணை ஆய்வாளர்களும் ஆற்று நீர் ஓடும் ஆழமற்ற சோதனை வாய்க்கால்களை அமைத்து, சிலவற்றில் புற ஊதாக் கதிரை விட்டும், சிலவற்றில் தடுத்தும், அடியில் படியும் டயட்டம் பாசியை அளந்தனர். 1994இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொடக்கத்தில் கதிர்பட்ட வாய்க்காலில் பாசி குறைவாகவே வளர்ந்தது. வாரங்கள் கழிந்ததும் நிலை தலைகீழானது. கதிர்பட்ட இடத்திலேயே பாசி அதிகம். காரணம், பாசியை மேயும் கைரோனமிட் பூச்சியின் புழுக்கள் பாசியைவிடக் கதிருக்கு எளிதில் பலியாயின. மேய்பவை குறைய, பாசி தழைத்தது. குப்பிக்குள் ஒரு நாள் நடக்கும் சோதனை மட்டும் இருந்திருந்தால், கதிர் பாசியைக் குறைக்கும் என்ற முடிவோடு ஆய்வு நின்றிருக்கும்.

கதிர் நீரையும் மாற்றுகிறது. கரைந்த கரிமப் பொருளின் பெரிய மூலக்கூறுகளை அது வெட்டி, பாக்டீரியா எளிதில் உண்ணும் சிறு அமிலங்களாக்குகிறது. அதில் கட்டுண்டிருந்த நைட்ரஜன் அம்மோனியமாக விடுபட்டுப் பாசிக்கு உரமாகிறது. கூடவே நீரின் நிறம் வெளுக்கிறது. வெளுத்த நீரில் கதிர் இன்னும் ஆழமாக இறங்குகிறது. பாசியைத் தாக்கும் வைரஸ்களையும் கதிர் செயலிழக்கச் செய்கிறது. இவற்றைக் கூட்டிக் கழித்த பிறகே, ஓர் ஏரியில் புற ஊதாக் கதிரின் நிகர விளைவு இன்னதென்று சொல்ல முடியும்.

காலப்போக்கில் மாறிய குடை

குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃப்ளூரோகார்பன்கள் ஓசோனை அழிக்கக்கூடும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் துளை இருப்பதை ஜோசஃப் ஃபார்மனும் இரு சகாக்களும் 1985இல் அறிவித்தனர். இரண்டே ஆண்டுகளில், 1987இல், மான்ட்ரியால் ஒப்பந்தம் உருவானது. நீர்வாழ் பாசிகள் மீதான புற ஊதா ஆய்வுகள் பெருகியது இந்தக் கவலையால்தான். 2022இல் வெளியான ஐ.நா. சார்பு மதிப்பீட்டின்படி, தற்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால், ஓசோன் படலம் 1980இல் இருந்த நிலைக்கு அன்டார்க்டிகாவின் மேல் 2066 வாக்கிலும், ஆர்க்டிக்கின் மேல் 2045 வாக்கிலும், உலகின் பிற பகுதிகளில் 2040 வாக்கிலும் திரும்பும்.

ஏரிகளைப் பொறுத்தவரை வானத்துக் குடையைவிட நீரின் குடையே அதிகம் ஆடியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 1970 முதல் 1990 வரையிலான பதிவுகளை டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் 1996இல் வெளியிட்டனர். அக்காலத்தில் வெப்பம் கூடி, வறட்சி மிகுந்து, காட்டிலிருந்து ஏரிக்கு வரும் கரிமம் குறைந்தது. ஏரிகளின் கரைந்த கரிமம் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் சரிந்தது. நீர் அமிலமானால் கரிமம் இன்னும் விரைவாக நீங்குவதும், வேண்டுமென்றே கந்தக அமிலம் சேர்க்கப்பட்ட ஏரியில் தெரிந்தது. ஓசோன் தேய்மானத்தால் கூடிய புற ஊதா-பி-யைவிட, நீர் தெளிந்ததால் உள்ளே இறங்கிய புற ஊதா-பி அதிகம். சட்பரி நகர் அருகே உள்ள ஸ்வான் ஏரியில் வறட்சியும் அமிலமும் சேர்ந்து இதே விளைவைத் தந்ததை, நார்மன் யான் முதலானோர் அதே ஆண்டில் காட்டினர்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் திசை மாறியது. ஆலைப் புகைக்குக் கட்டுப்பாடு வந்து அமில மழை குறைந்ததும், மண் கரிமத்தைப் பிடித்துவைப்பது தளர்ந்தது. 1990 முதல் 2004 வரை வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் 522 ஏரிகளையும் ஓடைகளையும் ஆராய்ந்த டான் மொன்டீத் குழுவினர், கரைந்த கரிமம் கூடிவருவதற்கும் கந்தகப் படிவு குறைவதற்கும் உள்ள தொடர்பை 2007இல் நிறுவினர். மிகுந்த மழையும் கரிமம் கூடுவதற்குத் துணைசெய்கிறது. பென்சில்வேனியாவின் கைல்ஸ் ஏரி போன்ற இடங்களில் தெளிந்திருந்த நீர் பழுப்பேறி, புற ஊதாக் கதிர் எட்டும் ஆழம் குறைந்துவருகிறது. அங்கே பாசிக்குக் கதிரின் தொல்லை தணிந்தாலும், ஒளிச்சேர்க்கைக்கான ஒளியும் சேர்ந்து குறைகிறது. கதிரால் அழிய வேண்டிய நோய்க்கிருமிகளும் தப்புகின்றன.

உயர்ந்த மலைகளில் கதை வேறு. பனியாறு அரைத்த பாறைமாவு கலந்த ஏரிகள் பால்போலக் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கல் கதிரைச் சிதறடித்து ஆழ விடாது. பனியாறு சுருங்கி ஏரியோடு தொடர்பற்றுப் போனால் நீர் தெளிகிறது. பாசிக்கூட்டம் முன்பு அறியாத கதிரைச் சந்திக்கிறது. பிறகு மண் உருவாகி, புல்லும் மரமும் மேலேறினால், கரிமத்தின் குடை மெல்ல விரியும்.

இந்த மாற்றங்களின் பழைய வரலாற்றை ஏரியின் அடிச்சேறு வைத்திருக்கிறது. சைட்டோனெமினும் அதன் சிதைவுப் பொருள்களும் சேற்றில் நெடுங்காலம் நிலைப்பவை. அவற்றை அடுக்கடுக்காக அளந்து, கடந்த காலத்தில் கதிர் ஏரிக்குள் எவ்வளவு இறங்கியது என்று அறியலாம் என்பதைப் பீட்டர் லீவிட்டும் குழுவினரும் 1997இல் காட்டினர். கனடாவின் வடக்கு மர எல்லையருகே உள்ள குயீன்ஸ் ஏரியின் அடிச்சேற்றில் டயட்டம் ஓடுகளை ஆராய்ந்த ராய்ன்ஹார்ட் பீனிட்ஸும் வார்விக் வின்சென்டும் 2000இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் மர எல்லை முன்னேறியும் பின்வாங்கியும் நீரின் கரிமத்தை மாற்றியபோது, ஏரிக்குள் புற ஊதாக் கதிர் மாறிய அளவு, ஓசோன் 30 சதவீதம் குறைந்தால் நேரக்கூடிய மாற்றத்தைப் போலப் பல மடங்காக இருந்தது. அந்த ஏரியின் நுண்பாசிகளுக்குக் குடை பிடித்ததும் மடக்கியதும் கரையோரக் காடே.